இல்லாத அரை மணி நேரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தப் பட்டறைக்கு நான் போனது மாதாந்திர மின்நிறுத்த நாளில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. பிரஸ் மிஷின்களில் தகடு வெட்டி, வண்டிகளுக்கான சின்னச் சின்னப் பாகங்கள் செய்து கொடுக்கும் இடம் அது. மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். மின்நிறுத்த நாளில் அவர்களுக்கு லீவு. எல்லோரும் இல்லாத நாளாகப் பார்த்து ஆபீஸ் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிடலாம் என்று முதலாளி என்னை வரச் சொல்லியிருந்தார். ஆபீஸ் அறைக்கு மட்டும் இன்வெர்ட்டர் உண்டு.

எனக்குக் கடை கிடையாது. வீடு கொரட்டூரில். ஒரு தோள்பையும் டூவீலரும்தான் தொழில். கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் யார் கூப்பிட்டாலும் போய் கம்ப்யூட்டர் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே வேலைதான். பழையதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவது. எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. திரையைப் பார்க்காமலே கை தானாகப் போகும். அந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று பட்டறையில் ஒரே ஒரு தொழிலாளிதான் இருந்தார். மிஷின்களைப் பராமரிக்கும் ஃபிட்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மிஷின் ஓடாத நாளில்தான் அவருக்கு வேலை அதிகம். முதலாளி பத்து மணிக்கு வந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, கேட் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார். ஆபீஸ் வேலை பார்க்கும் பெண்ணும் அன்று லீவு. ஆக, அவரும் நானும் மட்டும்.

அவர் கிரீஸ் கையோடு அடிக்கடி அறைக்குள் வந்து ஃபேனுக்குக் கீழே நின்றுவிட்டுப் போவார்.

"இன்னா தம்பி, பொழச்சிக்குமா?" என்பார் கம்ப்யூட்டரைக் காட்டி.

"பொழச்சிக்கும்ணா. பேட்டரிதான் செத்துப்போச்சு. அதான் தேதி நேரம் எதுவும் நிக்கல."

"பேட்டரியா? அதான் கரண்ட்ல ஓடுதே?"

சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இவ்ளோண்டா? இது இல்லன்னா அதுக்கு மணி தெரியாதா?" என்று சிரித்தார். தன் பெண் காலேஜில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள் என்றும், வீட்டில் போய் அவளிடம் இதைக் கேட்டு மடக்கப் போவதாகவும் சொன்னார்.

மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம். நான் கொண்டு போயிருந்த தயிர்சாதத்துக்கு அவருடைய டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் வைத்தார். சாப்பிட்ட கையோடு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். காலையிலிருந்து அது நாலாவது டீ. "குடிய உட்டு ரெண்டு வருசம் ஆவுது தம்பி. கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் டீயா ஊத்திகினு கீறேன்" என்றார். யாரிடமும் மறைக்கிற விஷயமாக அவர் அதைச் சொல்லவில்லை.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தபோது மணி மூன்று இருக்கும். உலகத்தில் எந்தப் பகுதி நேரம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கும். நீளமான பட்டியல். நம் நாட்டு நேரத்துக்கான வரி சென்னை என்றுதான் தொடங்கும். அதைத் தேடி இறக்கிக்கொண்டே வந்தபோது போன் அடித்தது. பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். காலையில் வருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்று கத்தினார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவருக்குச் சமாதானம் சொல்லியபடியே ஒரு வரியை அழுத்தினேன். பிறகு என் போனிலிருந்து கொஞ்ச நேரம் நெட் கொடுத்தேன். கம்ப்யூட்டர் நேரத்தைத் தானாக எடுத்துக்கொண்டது. நெட்டைத் துண்டித்தேன். திரையின் மூலையில் என்ன மணி காட்டியது என்று நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நெட்டிலிருந்து வந்த நேரம்.

கேட்டுக்குப் பக்கத்தில் வருகைப் பதிவுக்கான கைரேகை மிஷின் இருந்தது, கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓடும். அது கம்ப்யூட்டரிடமிருந்துதான் நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதையும் இணைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை வைத்தார். மிஷின் பெண் குரலில் தேங்க் யூ சொன்னது.

"எனக்கு டெய்லி தேங்க்ஸ் சொல்ற ஒரே பொம்பள இவதான் தம்பி" என்றார். இருவரும் சிரித்தோம்.

நான் மூன்றரைக்குக் கிளம்பினேன். "நீங்க எப்பண்ணா?" என்றேன்.

"அஞ்சு மணிக்கு கரண்ட் வந்துடும்ல. ஒரு வாட்டி மிஷின ஓட்டிப் பாத்துட்டு, பூட்டிகினு போய்டுவேன். நீ ஜாக்கிரதயா போ."

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலாளி போன் செய்தார். வானகரம் ரோட்டில் டிப்பர் லாரி மோதி அந்த ஃபிட்டர் அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றார். நேற்றுச் சாயங்காலம், பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில். பார்த்தவர்கள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது மணி ஆறு இருபது.

அவர் வீடு இருந்த நூம்பலுக்குப் போனேன். அவர் குடும்பத்தில் அப்பா தலைமுறை வரைக்கும் அங்கே இருந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது அந்த வயல்களில் வரிசையாக வீடுகள். அவருடைய வீடு ஒரு சந்தின் கடைசியில், மேலே தகரம் போட்டது. உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வர மதியமாகிவிட்டது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறந்தவருடைய அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, மகனுடைய கையைத் தூக்கித் தூக்கி, நகத்துக்குள் இருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மாலையை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மூன்று வாரம் கழித்து முதலாளி மறுபடியும் போன் செய்தார்.

"மிஷின்ல டைம் கரெக்டா வெச்சியாப்பா?"

"ஏன் சார்?"

வேலைக்கு வந்து திரும்பும் வழியில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. அதற்காக விசாரிக்க வந்த அதிகாரி வருகைப் பதிவைக் கேட்டிருக்கிறார். அன்று ஒருவர் மட்டும்தான் வேலை செய்தார், ஆகவே நான் சோதித்துப் பார்த்ததைத் தவிர ஒரே ஒரு பதிவு. வெளியே போன நேரம் ஐந்து முப்பத்தைந்து. விபத்து நடந்தது ஆறு இருபதுக்குக் கொஞ்சம் முன்னால். பட்டறையிலிருந்து அந்த இடத்துக்கு வண்டியில் பதினைந்து நிமிஷம்கூட ஆகாது.

"நடுவுல அரை மணி நேரம் எங்க போனாருன்னு கேக்கறாங்கப்பா. வழியில வேற ஒரு ஒயின் ஷாப் இருக்குது. அதான் கேட்டேன், நீ டைம் சரியா வெச்சியா?"

"நெட்லேர்ந்து தானா எடுத்தது சார். ஒரு செகண்டுகூட தப்பாது" என்றேன்.

அப்படியே சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. என் வேலையைச் சந்தேகப்படுகிறாரே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கொரட்டூரிலிருந்து எஸ்டேட் ரொம்ப தூரமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பட்டறை ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரக் கேள்வியை அதிகாரி வீட்டிலும் போய்க் கேட்டிருக்கிறார். மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் போல என்று சந்தில் பேச்சாகிவிட்டது. சில மாதம் கழித்து ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. உடம்பில் சாராயம் இல்லை. உதவித்தொகையும் சேர்ந்துவிட்டது. அதிகாரிக்குக் கேள்வி அங்கே முடிந்துவிட்டது. வீட்டில்தான் அது வேறு கேள்வியாக மாறிவிட்டது. குடிக்கவில்லை என்றால் அந்த அரை மணி நேரம் எங்கே இருந்தார்? யாரோ ஒருத்தி வீடு என்று ஒருவர் ஆரம்பித்தார். அத்திப்பட்டில் என்றார் இன்னொருவர். இப்படி ஒரு கதை கிளம்பினால் அதற்கு ஊர் பேர் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடும்.

விபத்து நடந்து எட்டு மாதம் இருக்கும். பில் எல்லாம் இனி நெட்டில் போட வேண்டும் என்பதால் பட்டறை ஆபீஸுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கினார்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது. இணைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். காலை பதினொன்று நாற்பது. கேபிளைச் சொருகிவிட்டு, ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் இருந்த நேரம் என் கண் முன்னால் பதினொன்று பத்துக்குப் போனது.

கை போனைத் தேடியது. போனில் பதினொன்று நாற்பது. சுவர்க் கடிகாரத்திலும் பதினொன்று நாற்பது.

நேரத்துக்கான பக்கத்தைத் திறந்தேன். சென்னை என்ற வரி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கு மேலே இருந்த இஸ்லாமாபாத், கராச்சி என்ற வரி நீல நிறத்தில் இருந்தது. நம் நேரத்தைவிட அரை மணி பின்னால் இருக்கும் ஊர்கள்.

ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன். "இதுல டைம யாராவது மாத்துனீங்களாம்மா?"

"ஆமா சார். அந்தண்ணா செத்து மூணாம் நாள் ஆபீஸ் தொறந்தப்ப பாத்தேன். அரை மணி கம்மியா காட்டுச்சு. நாந்தான் கையால மாத்தி வெச்சேன். பேட்டரி புதுசா போட்டீங்கள்ல, ஆபீஸ் மூடியிருந்த ரெண்டு நாள்ல அது பின்னாடி போயிருச்சுன்னு நெனச்சேன். ஏன் சார், தப்பா?"

"இல்லம்மா. சரியாத்தான் செஞ்சீங்க."

அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பான கடிகாரத்தைப் பார்த்தார், சரிசெய்தார். ஆனால் அதற்கு முன்னால் பதிவான அந்த வெளியே போன நேரம் அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஐந்து முப்பத்தைந்து இல்லை, ஆறு ஐந்து. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்திருக்கிறது. ஃபிட்டர் மிஷினை ஓட்டிப் பார்த்திருக்கிறார். கையைக் கழுவி, பூட்டி, நேராக வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். எங்கேயும் நிற்கவில்லை. நிற்க அவருக்கு நேரமே இருந்திருக்காது.

சென்னை என்ற வரியை அழுத்தினேன். மூலையில் நேரம் சரியாக வந்துவிட்டது. பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆபீஸ் பெண்ணிடமும் முதலாளியிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது அந்த இடத்தில்தான் எனக்குக் கை நின்றுபோகிறது. வரியைத் தப்பாக அழுத்தியது கை தவறி நடந்தது. சொல்லாமல் வந்தது அப்படியில்லை.

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "அவங்களுக்கு வர வேண்டியது வந்துடுச்சுல்ல? இப்பப் போய் நீ சொன்னா உன்னத்தான் புடிப்பாங்க. ரெண்டு பசங்க இருக்குதுங்க" என்றாள். அவள் சொன்னதால்தான் போகவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். போகாமல் இருக்க ஒரு காரணம் எனக்குத் தேவைப்பட்டது. அவள் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலை என் பந்து உடைத்தால், அவர்கள் வந்து கேட்பதற்கு முன்னால் அப்பா என்னைக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்திவிடுவார். அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. இருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நாலு மாதம் அப்படியே போனது. எங்கே விண்டோஸ் போட்டாலும் அந்தப் பட்டியல் வரும். சென்னை என்ற வரியைப் படித்து, திரையில் விரலை வைத்துச் சரிபார்த்து, பிறகு அழுத்துவேன். வானகரம் ரோட்டில் போக வேண்டியிருந்தால் திருவேற்காடு வழியாகச் சுற்றிப் போனேன்.

பிரின்டரில் இங்க் மாற்றப் பட்டறைக்குப் போன ஒரு நாள், ஆபீஸ் பெண் பேச்சுவாக்கில் சொன்னார். "அந்தண்ணாவுக்கு இந்த மாசம் வருச திதி வருதாம் சார். மொதலாளி அதுக்கு ஏதாச்சும் செய்யலாம்னு போன் பண்ணாரு. அந்தக்கா ஒண்ணும் வேணாம், நான் எதுவும் பண்ணப்போறதில்லன்னு சொல்லிட்டாங்களாம். படம்கூட மாட்டல சார் ஊட்ல."

இங்க் கை முழுக்க வழிந்திருந்தது. அதைத் துடைக்காமலே முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் அன்னிக்கே கேட்டேனேப்பா! வாய தொறந்து கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க சார்."

"ஒரு செகண்டுகூட தப்பாதுன்னியே!"

அவர் திட்டி முடித்தார். அப்புறம் அன்றைய பதிவை அச்செடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஐந்து முப்பத்தைந்தைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ஆறு ஐந்து என்று எழுதி, கம்ப்யூட்டரில் நேரம் தவறாக இருந்தது என்று ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "நான் வர மாட்டேன். நீயே கொண்டு போய்க் குடு. அதான் மொற" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூம்பலுக்குப் போனேன். ஃபிட்டரின் மனைவி, அந்த அக்கா, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை செய்கிறார். ஞாயிறு லீவு. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பட்டறையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் எழுந்து கையை உதறிக்கொண்டு, "உள்ள வாங்க சார்" என்றார். பெண் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். காகிதத்தை நீட்டினேன். "அக்கா, அந்த அரை மணி நேரம் கிடையாதுக்கா. அண்ணன் ஆறு அஞ்சுக்குத்தான் பட்டறைய பூட்டிட்டுக் கெளம்பியிருக்காரு. கம்ப்யூட்டர்ல நேரத்த நான் தப்பா வெச்சிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. பெண்தான் காகிதத்தை வாங்கிப் படித்தாள். படித்தவள் என்னைப் பார்த்தாள். "டைம் ஸோன் மாத்திப் போட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அம்மாவிடம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அம்மா, அப்பா எங்கயும் போகல. வேலைலதான் இருந்திருக்காரு. மிஷின்தான் அரை மணி கம்மியா காட்டியிருக்கு."

அந்த அக்கா அழவில்லை. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கயும் போலயா?"

"இல்லக்கா. நேரா ஊட்டுக்குத்தான் வந்துகினு இருந்திருக்காரு."

"ஒனக்கு எப்பத் தெரியும் இது?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "நாலு மாசம் ஆவுதுக்கா."

"நாலு மாசமா?"

"ஆமாக்கா."

"எங்க மாமியா செத்து ரெண்டு மாசம் ஆவுது" என்றார்.

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவரே சொன்னார். அறிக்கை வந்த பிறகு ஒரு நாள், தெருவில் வைத்து, உன் பிள்ளை எவ வீட்டுக்கோ போய்விட்டு வரும்போதுதான் செத்தான் என்று மாமியாரிடம் கத்திவிட்டாராம். மகன் தலைமாட்டில் உட்கார்ந்து நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா அப்படியே திரும்பி நடந்துவிட்டாராம். அடுத்த தெருவில் பெரிய மகன் வீட்டோடு இருந்தவர், அன்றிலிருந்து இந்தச் சந்துக்குள் வரவேயில்லை. பேச்சும் நின்றுவிட்டது. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து போய்விட்டார்.

"சாவுக்குப் போய் நின்னேன். கிட்ட போவ உடல. தண்ணி ஊத்தக்கூட உடல" என்றார். "நீ தெரிஞ்ச அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, அந்தம்மா காதுல ஒரு வார்த்த போட்டிருப்பனே. நைனா, ஒரு வார்த்த."

பெண் அழ ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தைகளில் கேட்டேன் என்று நினைவில்லை. அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வா."

"எங்கக்கா?"

"என்னாண்ட சொன்னா பத்தாது. யார் யாரு பேசுனாங்களோ அவங்க அல்லாராண்டயும் நீயே வந்து சொல்லு. நான் சொன்னா புருசன காப்பாத்தறான்னுவாங்க."

போனேன். முதலில் அடுத்த தெருவில் இறந்தவருடைய அண்ணன் வீடு. அண்ணன் லுங்கியோடு வந்து நின்றார். தம்பி மனைவியைப் பார்த்ததும் முகம் இறுகியது. அந்த அக்கா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். பெண் காகிதத்தைக் காட்டினாள். அவர் அதை வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். படித்தாரா, சும்மா பார்த்தாரா தெரியவில்லை. உள்ளே சுவரில் அவர் அம்மா படம் இருந்தது. அதில் மாலை இன்னும் புதிதாகத்தான் இருந்தது.

"எங்கம்மா இத கேக்காம போய்ட்டாங்களே" என்றார். பிறகு தம்பி மனைவியைப் பார்த்து, "உள்ள வாம்மா" என்றார். அவர் போகவில்லை. "அப்புறமா வரேன் மாமா. இன்னும் சொல்ல வேண்டிய எடம் கீது" என்று நடந்தார்.

சந்து முனையில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டு, "கம்பெனிக்காரன் இப்டி பேச சொல்லி அனுப்பிச்சானா?" என்றார். இல்லை, தப்பு என்னுடையதுதான் என்றேன். "ஒரு வருசம் கழிச்சா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பியிருக்க மாட்டார். எதிர்வீட்டு அம்மா, தான் அப்போதே நம்பவில்லை என்றும், அவர் தங்கமான மனுஷன் என்றும் சொன்னார். அந்த அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அத்திப்பட்டு என்று முதலில் ஊர் பெயர் சொன்னவர் அந்த அம்மாதான் என்று பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

பூந்தமல்லியில் இருக்கும் தன் தங்கைக்கு அந்த அக்கா ஸ்பீக்கரில் போன் போட்டு என் முன்னால் நீட்டினார். அதிலும் சொன்னேன். முதல் வீட்டில் திக்கித் திக்கி வந்த வார்த்தைகள் அதற்குள் சரளமாகிவிட்டிருந்தன. அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

எல்லாம் முடிந்தபோது மதியம் ஒரு மணி. என் வண்டி நின்ற இடம் வரை அந்த அக்கா வந்தார். பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காகிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

"கேளுங்கக்கா."

"செத்ததுலேர்ந்து தெனம் காலைல அந்தாள திட்டிட்டுதான் வேலைக்குப் போவேன். கேக்கக்கூடாதத எல்லாம் கேட்டிருக்கேன். எவகிட்ட போனன்னு. பொண்ணு காதுல உழற மாதிரி. அதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்காது என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு முறை தெரியாமலே ஒரு செகண்டுகூடத் தப்பாது என்று சொன்ன வாய். அதே வாயால் இன்னொரு முறை தெரியாத ஒன்றைச் சொல்ல வரவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வந்து சொன்ன, அது போதும். கெளம்பு."

வண்டியை எடுத்தேன். அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த தெருவில், மாமியார் படம் மாட்டியிருந்த அந்த வீட்டுப் பக்கம் போனார்.